நெட் சுற்றுச்சூழல் அறிவியல்: நொய்யலை வைத்துப் படித்த கதை

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு முடிவு வந்துவிட்டது. சுற்றுச்சூழல் அறிவியலில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருக்கிறது. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை இல்லை, இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. எப்படிப் படித்தீர்கள் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, மனிதர்கள் பாழாக்கிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறைப் பாடத்துக்கான இரண்டாம் தாளில் முடிந்த அளவு பாடத்தை அதை வைத்தே படியுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எனக்கு மனப்பாடம் வராது. காரணம் புரிந்தால்தான் மனதில் நிற்கும். பட்டியலைப் பார்த்ததும் பதிந்துவிடும் என்பவர்களுக்கு இந்த வழி மெதுவாகத் தோன்றலாம்.

எனக்கு அந்த இடம் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு. திருப்பூர் சாயப்பட்டறைகளில் பருத்தியில் சாயம் ஏறுவதற்காக சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ போடுவார்கள். சாயம் பெரும்பாலும் துணியில் தங்கிவிடும், உப்பு கழிவுநீரோடு வெளியே போகும். இது புரிந்தபின் கழிவுநீரை அளக்கும் பிஓடி, சிஓடி, டிடிஎஸ் எனக்குக் குழம்பவே இல்லை. நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவுதான் டிடிஎஸ். பாக்டீரியா கரிமப் பொருளைச் சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜன்தான் பிஓடி. சிஓடியில் அந்த வேலையைப் பொட்டாசியம் டைகுரோமேட் செய்கிறது. பாக்டீரியாவால் சிதைக்க முடியாத சாய மூலக்கூறும் அதில் கணக்குக்கு வந்துவிடும். சாயக்கழிவில் சிஓடி எப்போதும் பிஓடியை மிஞ்சி நிற்பது அதனால்தான். குளோரைடு சிஓடி அளவைக் கெடுத்துவிடும் என்பதால் மெர்குரிக் சல்பேட் சேர்க்கிறோம். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சுத்திகரிப்பு. ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையில் பாக்டீரியா கரிமக் கழிவைத் தின்னும், கரைந்த உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிரிக்க, நீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்ஓ வேண்டும். ஆர்ஓ ஒதுக்கும் அடர் உப்புநீருக்கு, நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் வேண்டும். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். பாசனத்துக்காக நொய்யலில் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. கீழே இருந்த வயலும் கிணறும் உப்பேறின. சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் பிரிந்து மண் இறுகும், தண்ணீர் இறங்காது. எஸ்ஏஆர், அதாவது கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்ற கணக்கின் பொருள் அதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மாசு, மண், சுத்திகரிப்பு, சட்டம் என்று நான்கு பாடமும் ஒரே ஆற்றில் கிடக்கின்றன. அந்த விவசாயிகளின் இழப்பைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகும். அதனாலேயே மறக்கவும் மறக்காது.

பாலாறும் இப்படித்தான். தோல் பதனிடும் ஆலைகள், குரோமியம், அப்புறம் 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் அளித்த தீர்ப்பு. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் நம் சட்டத்தின் பகுதி என்று அதில் சொன்னார்கள்.

சட்ட ஆண்டுகளையும் சம்பவத்தோடு கோத்துப் படியுங்கள். 1984 போபால், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1974 நீர்ச் சட்டம் மாநிலங்களின் தீர்மானத்தின் பேரில் அரசியலமைப்பின் 252-வது பிரிவில் வந்தது. 1981 காற்றுச் சட்டம் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாட்டை ஒட்டி 253-ல் வந்தது. ஓசோன் கதை இன்னும் அழகு: 1985 வியன்னா உடன்படிக்கை, 1987 மான்ட்ரியல் நெறிமுறை, ஓசோனைக் கெடுத்த சிஎஃப்சி வாயுக்கள் போய் எச்எஃப்சி வந்தது. அது ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே எச்எஃப்சியைக் குறைக்க 2016 கிகாலி திருத்தம். கால வரிசைக் கேள்வி வந்தால் இந்தக் கதையை மனதுக்குள் ஓட்டினாலே விடை வந்துவிடும்.

குழப்பும் இடங்கள்:

- பயோஅக்யுமுலேஷன் என்பது நச்சுப்பொருள் ஓர் உயிருக்குள் நாளடைவில் சேர்வது. பயோமேக்னிஃபிகேஷன் அது உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடுவது.
- ஸ்டாக்ஹோம் இரண்டு: 1972 மாநாடு, 2001 நிலைத்த கரிம மாசுகளுக்கான உடன்படிக்கை.
- ஆற்றல் பிரமிடு எப்போதும் நேரானது. கடலில் உயிர்நிறை பிரமிடு தலைகீழாகலாம்.
- ஒரே அளவுள்ள இரண்டு ஒலி மூலங்கள் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். 80-ம் 80-ம் 83.

எல்லோருக்கும் பொதுவான முதல் தாளின் "மக்கள், வளர்ச்சி, சுற்றுச்சூழல்" அலகுக்கு நம் துறைக்காரர்கள் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். அந்த நேரத்தைத் தரவு விளக்கக் கணக்குகளுக்குக் கொடுங்கள். கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக, வெள்ளைத்தாளில் அம்புக்குறி போட்டுப் படித்ததுதான் கைகொடுத்தது. புள்ளியியலை மட்டும் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். கை-ஸ்கொயர், அனோவா என்ற இரண்டு சோதனைகளில் எப்போது எது என்பதைப் புத்தகத்தைவிட அவர் சீக்கிரம் புரியவைத்துவிடுவார்.