பெல்ட்டின் இரண்டாவது சுற்று

ஜனவரி 9

மூன்று நாள்களாக, என் மோட்டார் சைக்கிள் மெதுவாக நகரும்போதெல்லாம் பின்சக்கரத்தின் பக்கத்திலிருந்து குருவி கத்துவதுபோல் ஒரு கீச்சொலி வருகிறது. வேகம் கூடியதும் அது காற்றின் இரைச்சலில் அடங்கிவிடுகிறது. இன்று பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பெல்ட் போயிடுச்சு சார், ரெண்டு புல்லியையும் சேர்த்து மாத்திடலாம்” என்றார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

என் வண்டியில் செயினுக்குப் பதிலாக, எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது உட்பக்கம் பற்கள் உள்ள இந்தப் பெல்ட்தான். முன்னும் பின்னும் அது சுற்றி ஓடும் பல்சக்கரங்களே புல்லிகள். அவர் சொன்னது சிறிய வேலை அன்று. இணைப்பே இல்லாத ஒரே வளையமான இந்தப் பெல்ட்டைச் செயினைப்போல் பிரித்து மாட்ட முடியாது. பின்சக்கரத்தை இறக்கி, அதைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் அச்சையும் உருவினால்தான் என் வண்டியில் அது வெளியே வரும். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்காமல், யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

ஜனவரி 10

காலையில் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு, சர்வீஸ் கையேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தேன். பற்களின் அடியில் மயிரிழை போன்ற விரிசல்கள் சில தெரிந்தன. உட்புறத்தில் மட்டும் மெல்லிய விரிசல் இருந்தால் கண்காணித்துக்கொண்டே ஓட்டலாம் என்றும், விரிசல் பல்லின் வெளிப்பக்கம் வந்துவிட்டாலோ, ஒரு பல் உதிர்ந்துவிட்டாலோ, பல் கொக்கிபோல் தேய்ந்துவிட்டாலோ மாற்றியே தீர வேண்டும் என்றும் கையேடு சொல்கிறது. சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். மாற்றச் சொல்லும் அறிகுறி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அவர்மேல் எனக்கிருந்த நம்பிக்கை அந்த இடத்திலேயே பாதியாகக் குறைந்தது என்பதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 12

நான் பார்த்தது பெல்ட்டில் பாதியைத்தான்.

கையேட்டை எடுத்துக்கொண்டு போய், எங்கே சேதம் இருக்கிறது என்று காட்டும்படி கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சாக்குக்கட்டியால் பெல்ட்டின் முதுகில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு திரும்பி வரும்வரை சக்கரத்தைச் சுற்றினார். பெல்ட்டில் 139 பற்கள், பின் புல்லியில் 70 பற்கள். அதனால் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் பெல்ட் ஒரு சுற்றை முடிக்கிறது. நான் நிறுத்திய இடத்துக்கு அப்பால், இரண்டாவது சுற்றின் நடுவில் அவர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். வெளி ஓரத்தை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒரு துளை. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் எப்போதோ ஒரு கல் சிக்கி, மறுபக்கம் துளைத்து வெளியேறியிருக்கிறது. துளையின் விளிம்பில் உள்ளிழைகள் அறுந்து, பிரிந்த கயிற்றின் நுனிபோல் மஞ்சளாகச் சிலிர்த்து நின்றன. இழுவை முழுவதையும் தாங்குபவை அந்த இழைகள்தான். துளை நடுவில் இருந்தால் கண்காணிக்கலாம். ஓரத்தில் இருந்தால் மாற்ற வேண்டும் என்று நான் கொண்டுபோன கையேட்டிலேயே இருக்கிறது. செயின் நாளடைவில் நீண்டு தளர்ந்து தன் முடிவை முன்கூட்டியே உணர்த்தும். பெல்ட் அப்படி நீள்வதில்லை. அறுந்த இழைகளோடு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்து ஒருநாள் நடுவழியில் அறுந்துவிடும்.

பிறகு புல்லிகளைப் பற்றிக் கேட்டேன். கூர்மையான ஊசியால் பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அழுத்திக் கீறினார். முன் புல்லியில் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. மேல்பூச்சு தேய்ந்துபோய்விட்டது என்று அதற்குப் பொருள். பின் புல்லியில் மூன்று இடங்களில் கீறியும் ஊசி வழுக்கிக்கொண்டு போனதே தவிர, தடம் பதியவில்லை. “பின்னாடி இருக்கறது நல்லாத்தான் இருக்கு, அதை விட்டுடலாம்” என்று அவரே சொன்னார். முதல் நாள் சொன்னதை என் கண்முன்னே திருத்திக்கொண்ட அந்த ஒரு சொல், துளையைக் காட்டியதைவிட அதிகமாக என்னை அவர்பக்கம் சாய்த்தது. வேலையை ஒப்படைத்துவிட்டேன்.

ஜனவரி 17

வண்டி வந்துவிட்டது. பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிவந்தேன். புதியதை மாட்டும்போது அருகிலேயே இருந்தேன். அதை அவர் எங்கும் மடிக்கவோ முறுக்கவோ இல்லை. குறுகலாக மடித்தால் உள்ளிழைகள் வெளியே தெரியாமல் முறிந்துவிடும். இறுக்கத்தை, எஞ்சின் குளிர்ந்த நிலையில், கீழ்ப்பக்கப் பெல்ட்டின் நடுவில் ஏறத்தாழ 4.5 கிலோ அழுத்தம் கொடுத்து, எவ்வளவு மேலே எழும்புகிறது என்று அளந்தார். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, பெல்ட் மிகவும் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளந்தார்.

ஜனவரி 24

முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே கீச்சொலி வந்தது. மனம் மிகவும் சோர்ந்துபோனது. பழைய பெல்ட்டை மேசைமேல் வைத்து, விரலால் இரண்டு ஓரங்களையும் தடவிப் பார்த்தேன். வெளி ஓரம் செங்குத்தாக வெட்டியதுபோல் இருந்தது. வண்டியில் இருந்தபோது சக்கரத்தின் பக்கம் மறைந்திருந்த மற்ற ஓரமோ, நீளம் முழுவதும் உளியால் சீவியதுபோல் சாய்ந்து தேய்ந்திருந்தது. பெல்ட் நேராக ஓடாமல் புல்லியின் விளிம்பில் உராய்ந்திருக்கிறது.

அதை அப்படியே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவரும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்விங் ஆர்ம் அச்சின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நடுவரை இரண்டு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் கூடுதல். சக்கரத்தை நேராக வைக்க ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பி மாட்டிவிட்டதாகவும், முதல் நாளே அளந்திருக்க வேண்டும் என்றும் சொல்லி, சரிசெய்ததற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒலிக்குக் காரணம் பெல்ட்டின் சேதம் அன்று, சக்கரத்தின் கோணல்தான். ஆனாலும் பெல்ட்டை மாற்றியாக வேண்டும் என்பதில் அவர் தவறவில்லை. இரண்டையும் ஒரே கேள்வியாக முடிச்சுப்போட்டது அவர் மட்டும் அல்லர், நானும்தான்.

ஜனவரி 31

இந்த வாரம் 210 கிலோமீட்டர் ஓட்டினேன், ஒலி இல்லை. இன்று சாக்குக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு முழுச் சுற்றும் பார்த்தேன். சக்கரத்தின் பக்கமுள்ள ஓரத்தைச் சிறு கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன், சாய்வு விழவில்லை. அடுத்த முறை இறுக்கம் பார்க்கும்போது ஆக்சிலின் அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லி, வேலைச் சீட்டில் எழுதிவாங்கி வைத்திருக்கிறேன்.