அம்மா அமுக்காத பட்டன்

“நான் ஒண்ணும் அமுக்கலப்பா, அதுவா அணைஞ்சிருச்சு.”

போன நவம்பரில் அம்மா இதை எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை. நான் ஒருமுறைகூட நம்பவில்லை. மேசையில் ஐந்து ரிமோட், மூக்குக்கண்ணாடி எப்போதும் வேறு அறையில். கை பட்டிருக்கும் என்றே நினைத்தேன்.

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. ஹாலில் டிவி, கீழே கேபினட்டில் ஸ்பீக்கர்களுக்கு ஒலி கொடுக்கும் ரிசீவர். புளூ-ரே பிளேயர், அக்கா மகனின் கேம் கன்சோல், ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி, சாட்டிலைட் டிகோடர் எல்லாம் ரிசீவரில் செருகியிருக்கும். அங்கிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் டிவிக்குப் போகும். அது போக, டிவியிலேயே நேராகச் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று. அதற்குக் கரண்ட் டிவியின் யூஎஸ்பியிலிருந்து. பல வருடமாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

கோளாறு மூன்று விதமாக வந்தது. சில நாள் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிவி, ரிசீவர் இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும். சில நாள் டிவியைப் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, படம் டிகோடரிலிருந்து ஸ்டிக்குக்குத் தாவிவிடும். சனிக்கிழமைகளில் அக்கா மகன் வந்து கன்சோலை ஆன் செய்தால் டிவி தானாக அதற்கு மாற வேண்டும். ஒரு வாரம் மாறும், ஒரு வாரம் மாறாது. எல்லா நாளும் கெட்டுப்போயிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். பத்து நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். அதுதான் என்னைச் சுற்றலில் விட்டது.

முதலில் ரிமோட்டுகளைச் சந்தேகித்தேன். ஏதாவது ஒன்றின் பட்டன் உள்ளே சிக்கி விடாமல் சிக்னல் அனுப்புகிறதோ என்று. இதைச் சோதிப்பது சுலபம். போன் கேமராவை, முன்பக்கக் கேமரா என்றால் இன்னும் நல்லது, ரிமோட்டின் முனைக்கு நேராகப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் திரையில் ஊதா நிறத்தில் மின்னும். பட்டனைத் தொடாமலே மின்னினால் அது சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஐந்தையும் பார்த்தேன். ஒன்றும் மின்னவில்லை.

அடுத்தது கேபிள். ஜாலான் பாசாரில் ஒரு கடையில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை, “கேபிள்தான் பாஸ்” என்று தங்க முலாம் பூசிய ஒன்றை எடுத்து நீட்டினார். நாற்பத்தைந்து வெள்ளி (ரிங்கிட்). இரண்டு நாள் நன்றாக ஓடியது, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் சீரியல் பாதியில் அணைந்தது.

அப்புறம்தான் சிஇசி பற்றி, அதாவது எச்டிஎம்ஐயில் செருகிய பெட்டிகள் ஒன்றையொன்று இயக்கும் ஏற்பாடு பற்றி, ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். எச்டிஎம்ஐ கேபிளில் படமும் ஒலியும் போகும் கம்பிகள் தனி. பதின்மூன்றாம் முனையில் ஒரே ஒரு கம்பி, பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு மட்டும். நொடிக்கு 400 பிட் சுமார்தான் அதன் வேகம், படு மந்தம். ஆனால் “எழுந்திரு”, “தூங்கு”, “இப்போது படம் காட்டுவது நான்” என்று சொல்ல அது போதும். இதையே சாம்சங் எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க், பானாசோனிக் வியரா லிங்க். மெனுவில் சிஇசி என்று தேடினால் கிடைக்காததற்கு இந்தப் பெயர் விளையாட்டுதான் காரணம். எனக்கு அரை மணி நேரம் அதிலேயே போனது.

ஒரே கம்பி என்பதால் எல்லோரும் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். அப்படியென்றால் நாமும் ஒட்டுக்கேட்கலாம் அல்லவா? கூட வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் சும்மா கிடந்த ராஸ்பெரி பை சின்னக் கணினி ஒன்று இருந்தது. மாமாக் உணவுக்கடையில் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) வாங்கிக் கொடுத்து இரவல் வாங்கி வந்தேன். அதில் சிஇசி-கிளையண்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ரிசீவரில் காலியாக இருந்த இடத்தில் செருகி, இரவு முழுக்கப் பதிவு ஓடவிட்டேன்.

இந்தக் கம்பியில் பெட்டிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். டிவி எப்போதும் 0. ரிசீவர் மாதிரி ஒலிக்கருவி 5. படம் ஓட்டும் பெட்டிகளுக்கு 4, 8, 11 என்று மூன்றே எண்கள். எங்கள் வீட்டில் படம் ஓட்டும் பெட்டிகள் நான்கு: புளூ-ரே, கன்சோல், ஆண்ட்ராய்டு பெட்டி, ஸ்டிக். டிகோடர் இந்தப் பேச்சிலேயே சேரவில்லை. ஸ்கேன் செய்து பார்த்தபோது மூன்றுதான் பட்டியலில் வந்தன. நாலாவது வெளியே நின்றது.

கரண்ட் வந்ததும் ஒவ்வொரு பெட்டியும் “இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கும். பதில் வராவிட்டால் அதை எடுத்துக்கொள்ளும். வந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். மூன்றும் நிரம்பிவிட்டால் கடைசியாக வந்ததற்கு எண் இல்லை. பேருந்தில் இடம் பிடிப்பது போலத்தான், முந்தினவருக்கு இடம். ஆனால் எங்கள் வீட்டில் முந்துவது யார் என்பது ஏன் அடிக்கடி மாறுகிறது? பெட்டிகள் எல்லாம் ஸ்டாண்ட்பையில்தானே கிடக்கின்றன, பிடித்த எண்ணை விடக் காரணமே இல்லையே.

பதில் என் கண்ணெதிரே நடந்தது. அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் சாயங்காலம் ஆனால் இடி மழை. தூரத்தில் முதல் இடி கேட்டதும் அம்மா எழுந்து போய்ச் சுவரில் இருந்த இரண்டு சுவிட்சையும் அணைத்தார். தோட்டத்தில் வளர்ந்தவர், சின்ன வயதில் இடி விழுந்து வீட்டு ரேடியோ கருகியதைப் பார்த்தவர். மழை விட்டதும் திரும்பப் போட்டார். அன்று இடது சுவிட்ச் முதலில். அதில் ரிசீவர், ஆண்ட்ராய்டு பெட்டி, புளூ-ரே. வலது பக்கம் டிவி, கன்சோல். எந்தப் பக்கம் முதலில் போடுகிறாரோ அந்தப் பக்கத்துப் பெட்டிகளுக்கு எண் கிடைக்கும்.

உடனே ஸ்கேன் செய்தேன். முந்தின நாள் வெளியே நின்ற ஆண்ட்ராய்டு பெட்டி இப்போது உள்ளே. கன்சோல் வெளியே. சில சனிக்கிழமைகளில் டிவி அதற்கு மாறாதது இதனால்தான்.

அன்று இரவு பதிவில் மீதியும் தெரிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு பெட்டியை யாரும் தொடாவிட்டால் இருபது நிமிடத்தில் அது தூங்கப் போகும். போகும்போது சும்மா போகாது, 36 என்ற செய்தியை எல்லோருக்கும் அனுப்பும். 36 என்றால் “எல்லோரும் ஸ்டாண்ட்பைக்குப் போங்கள்”. டிவியும் ரிசீவரும் சொன்ன பேச்சைக் கேட்டு அணைந்தன. எண் கிடைக்காத நாட்களில் அது வாய் திறக்கவில்லை. பத்து நாள் நன்றாக ஓடியது அதனால்தான். கேபிள் மாற்றிய அந்த இரண்டு நாளும் அப்படித்தான். நாற்பத்தைந்து வெள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்புட் தாவியது ஸ்டிக்கின் வேலை. எங்கள் டிவி ஸ்டாண்ட்பையில் இருந்தாலும் யூஎஸ்பிக்குக் கரண்ட் கொடுக்கிறது, அதனால் சாதாரண நாட்களில் ஸ்டிக் விழித்தே இருக்கும். சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால் மட்டும் அது முதலிலிருந்து பூட் ஆகும். நாற்பது நொடி கழித்து, எழுந்த வேகத்தில், 82 என்று அறிவிக்கும்: “படம் காட்டுவது நான்.” டிவி உடனே அங்கே தாவும். அதற்குள் அம்மா டிகோடரில் சீரியலுக்கு வந்திருப்பார்.

ஆக மூன்று கோளாறும் இடி இடித்த நாட்களில் பிறந்தவை. அம்மா ரிமோட்டில் எதையும் அமுக்கவில்லை என்பது நிஜம். சுவிட்சை அணைத்ததைப் பற்றி நான் கேட்கவே இல்லையே.

சரிசெய்தது பத்து நிமிட வேலை. ஸ்டிக்கின் மெனுவில் சிஇசியை அணைத்தேன். ஆண்ட்ராய்டு பெட்டியிலும் அப்படி ஒரு மெனு இருந்தது, ஆனால் அணைத்த பிறகும் 36 வந்துகொண்டே இருந்தது. அதற்காகப் பதின்மூன்றாம் முனை மட்டும் இல்லாத ஒரு சின்ன எச்டிஎம்ஐ இணைப்பியை ஆன்லைனில் வாங்கி நடுவில் செருகினேன். படம் போகும், ஒலி போகும், பேச்சு மட்டும் போகாது. சிஇசியை டிவியிலேயே மொத்தமாக அணைத்திருக்கலாம், கடைகளில் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் டிவியின் ஒலி ஆர்க் (அதே எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்பும் வழி) மூலமாக ரிசீவருக்கு வருவதும் பல டிவிகளில் சிஇசியை நம்பித்தான். அதை அணைத்தால் ஸ்டிக்கின் படத்துக்கு ஸ்பீக்கரில் சத்தம் வராது. எனக்கு அது வேண்டியிருந்தது.

இப்போது எண்ணுக்குப் போட்டி போடுவது புளூ-ரேயும் கன்சோலும் மட்டும். அக்கா மகனுக்குச் சந்தோஷம். அடுத்த இடிக்கு அம்மா சுவிட்சுகளை அணைத்தார், போட்டார், நான் ஸ்கேன் செய்தேன், இரண்டும் இருந்தன. டிவி தாவவில்லை.

நஷ்டம் எனக்குத்தான். இரவில் ஸ்டிக்கில் ஏதாவது பார்க்க உட்கார்ந்தால் டிவி தானாக மாறாது, டிவி ரிமோட்டைத் தேடி இன்புட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி ஒருநாள் முணுமுணுத்தேன். அம்மா சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “ஒரு மாசமா என்னைத்தானே சொன்ன. ஒரு பட்டன் அமுக்கு, ஒண்ணும் ஆகாது.”