பயந்த கினி பிக்கைக் கையில் எடுக்கப் பழக்கியது

எலி இனத்தைச் சேர்ந்த சிறு வளர்ப்புப் பிராணியான கினி பிக் மடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால், "பாவம், எவ்வளவு சாது" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது பயம். ஆபத்து என்று தோன்றினால் இந்தப் பிராணி ஓடி ஒளியும். ஓட வழியில்லை என்றால் அப்படியே உறைந்துபோகும். எங்கள் வீட்டுக் கினி பிக் கடுகைப் பழக்கிய காலம் முழுக்க எனக்குக் கைகொடுத்தது இந்த ஒரு விஷயம்தான்.

கடுகும் சீடையும் அக்கா தங்கை. மாற்றலாகிப் போன பக்கத்து வீட்டுக்காரர் கூண்டோடு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். சீடைக்கு எதைப் பற்றியும் கவலை கிடையாது. வந்த வேகத்தில் என் விரலையே கடித்துப் பார்த்தாள். கடுகோ, யாராவது அந்தப் பக்கம் நடந்தாலே மரக்குடிலுக்குள் பாய்ந்துவிடுவாள். குக்கர் விசில் அடித்தால் அரை மணி நேரத்துக்கு மூக்குகூட வெளியே தெரியாது.

அதனால் முதல் வேலை, கூண்டைச் சமையலறைப் பக்கத்திலிருந்து ஹால் மூலைக்கு மாற்றியது. இரண்டு பக்கம் சுவர், உள்ளே ஒளிய ஆளுக்கொரு இடம். பால்கனி வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். வெப்பம் 27, 28 டிகிரியைத் தாண்டினாலே இவற்றுக்குச் சிரமம். கோவையின் ஏப்ரல் மாதம் அதற்கு எங்கேயோ மேலே.

அப்புறம் சும்மா உட்கார்ந்தேன். சாயங்காலம் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பது, அவ்வளவுதான். என் மகளுக்கு இது பெரிய வேடிக்கை. "அப்பா, கடுகுக்கு இன்னிக்குத் தங்கம் விலை சொல்லியாச்சா?" என்று கேட்பாள். ஆனால் என் குரல் கேட்கும்போது எதுவும் நடப்பதில்லை என்பது கடுகுக்குப் புரிய வேண்டியிருந்தது.

அடுத்தது கை. கினி பிக்கின் காட்டு உறவுகள் தென் அமெரிக்கப் புல்வெளிகளில் பருந்துக்கும் நரிக்கும் தப்பிப் பிழைத்தவை. மேலிருந்து இறங்கும் எதுவும் இவற்றுக்குப் பருந்துதான், கையானாலும் சரி. எனவே கையைத் தரையோடு தரையாக, பக்கவாட்டில் கொண்டுபோய், உள்ளங்கை மேலே தெரிய வைத்துவிட்டு அசைக்காமல் இருப்பேன். கையில் வாசனை சோப்பு மணம் இருக்கக் கூடாது. உள்ளங்கையில் குடைமிளகாய்த் துண்டு. நம்மைப் போலவே இவற்றின் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. குடைமிளகாய் அதற்கும் ஆயிற்று, லஞ்சத்துக்கும் ஆயிற்று.

சீடை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். கடுகு தூரத்திலிருந்து பார்ப்பாள். ஒருநாள் சீடையின் முதுகுக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டி ஒரு துண்டை இழுத்துக்கொண்டு ஓடினாள். கினி பிக்கை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்பார்கள். தைரியசாலி ஒன்று பக்கத்தில் இருந்தது எனக்குப் பாதி வேலையை மிச்சம் பண்ணியது.

தொடுவதற்கு வசதியான இடம் கன்னமும் காதுக்குப் பின்புறமும். பின்பக்கத்தைத் தொட்டால் பலவற்றுக்குப் பிடிக்காது. கடுகு தலையைச் சட்டென்று மேலே வெட்டினால் கையை எடுத்துவிடுவேன். பல்லைக் கடகடவென்று அடித்தால் கோபம். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான்.

தூக்குவதுதான் பெரிய தலைவலி. கூண்டுக்குள் கையை விட்டுத் துரத்திப் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு முறை துரத்தினால் வாரக்கணக்கில் சம்பாதித்தது போய்விடும். ஓர் அட்டைப்பெட்டியின் இரு பக்கமும் வாசல் வெட்டி உள்ளே போட்டுவைத்தேன். கடித்தார்கள், உள்ளே தூங்கினார்கள், அது அவர்கள் வீடாகவே ஆனது. பிறகு கடுகு உள்ளே இருக்கும்போது இரண்டு வாசலையும் கையால் மறைத்துப் பெட்டியோடு தூக்கி என் மடியில் வைத்தேன். அவளாக வெளியே வந்தாள், மடியில் விரித்த துண்டின் மேல் இருந்த கொத்தமல்லியைப் பார்த்தாள், திரும்பப் பெட்டிக்குள் போனாள். சரி, போகட்டும்.

கையால் எடுக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொன்று பின்பாகத்துக்கு அடியில். கால்கள் அந்தரத்தில் தொங்கினால் துள்ளும். எடுத்ததும் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். உட்காருவது எப்போதும் தரையில்தான், விருந்தாளிக் குழந்தைகளுக்கும் அதே சட்டம். சோபா உயரத்திலிருந்து விழுந்தாலே எலும்பு முறியலாம். திரும்ப விடும்போது கூண்டைப் பார்த்ததும் குதிக்கப் பார்ப்பாள் என்பதால், பின்புறம் முன்னே போகிற மாதிரி இறக்கி, அடங்கிய பிறகே கையை எடுப்பேன். மடியில் பத்து நிமிடம் போதும். நெளிய ஆரம்பித்தால் மூத்திரம் வருகிறது என்று அர்த்தம், தாமதிக்காதீர்கள்.

நடுவில் தீபாவளி வந்தது. ஜன்னலைச் சாத்தி, உள் அறைக்கு மாற்றி, புதைந்துகொள்ள நிறையக் காய்ந்த புல் போட்டும், வெடிச் சத்தம் கடுகைப் பழையபடி குடிலுக்குள் அனுப்பிவிட்டது. மறுபடி தரையில் கை, குடைமிளகாய், பேப்பர். இந்த முறை சீக்கிரமே வந்தாள்.

கொஞ்சுவதற்காக மட்டும் இவ்வளவு பாடு இல்லை. இவை நோயை மறைக்கும் பிராணிகள். எடை குறைவதுதான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் முதல் தகவல். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிற்க வேண்டும், அவ்வப்போது நகமும் வெட்ட வேண்டும். கடுகு இப்போது பெட்டிக்குள் தானாக ஏறித் தராசுக்கு வருகிறாள். வெறும் கையால் தூக்குவது இன்றும் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது, நானும் வற்புறுத்துவதில்லை. முன்கால் நகங்களை நான் ஒருவனே வெட்டிவிடுகிறேன். பின்கால் நகங்கள் கறுப்பு, உள்ளே ரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று தெரியாது. அதற்கு மட்டும் மகள் டார்ச் பிடிக்க வேண்டியிருக்கிறது.