வானவில் வினாத்தாள்களை கூகுள் ஃபார்முக்குக் கொண்டுவந்த கதை

ஆன்லைன் பயிற்சி என்று 2020 முதல் நாங்கள் உட்கார்ந்து பார்த்தது கொஞ்சநஞ்சமல்ல. யாரோ ஒருவர் தன் திரையைக் காட்டி மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம், முடிந்ததும் வருகைப் பதிவுக்கு ஓர் இணைப்பு வரும், அதை நிரப்புவதோடு சரி. நான் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவன், எங்களுடையது அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி. உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டோம் என்றால் அது 2021 ஜூலை, ஆகஸ்டில்தான். அட்மிஷன், பாடப்புத்தகம் கொடுப்பது என்று பள்ளிக்கு வந்துபோன நாட்களில், மதியத்துக்கு மேல் கணினி அறையில் நாங்களே கூடி உட்கார்ந்து செய்தது.

தேவை ரொம்பச் சின்னது. வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு அவ்வப்போது ஒரு சிறு தேர்வு வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கேள்வியை அனுப்பி, அவர்கள் நோட்டில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புவதைப் போனிலேயே பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தி எல்லாருக்கும் கண் வலிதான் மிச்சம். அறிவியல் சார்தான் கூகுள் ஃபார்ம் என்றார், இணையத்திலேயே கேள்வித்தாள் தயாரித்து இணைப்பாக அனுப்பும் வசதி. அவருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அதுதான் வசதியாகப் போனது, ஏனென்றால் அவரிடம் எதைக் கேட்கவும் யாருக்கும் கூச்சமில்லை, அவரும் "தெரியலையே டீச்சர், அமுக்கிப் பார்ப்போம்" என்பார்.

ஃபார்ம் ஒன்றும் கஷ்டமில்லை. கேள்வி, நான்கு விடை, சரியானது எது, எத்தனை மதிப்பெண், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டது எழுத்துருவில். எங்களிடம் பல வருட வினாத்தாள்கள் வேர்டு கோப்புகளாக இருந்தன, எல்லாம் வானவில் அவ்வையார் என்ற பழைய தமிழ் எழுத்துருவில். தமிழ் ஐயா தன் கோப்பிலிருந்து ஒரு கேள்வியை நகலெடுத்து ஃபார்மில் ஒட்டினார். வந்து விழுந்தது ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும். "என்ன சார், என் கேள்வியைக் காணோம்?" என்றார்.

காரணம் இதுதான்: அந்தப் பழைய எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய குறியீடுகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உண்டு, எந்தப் போனிலும் தெரியும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று அறிவித்துவிட்டது, ஆனால் எங்கள் பள்ளிக் கணினிக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு மாற்றினோம். தமிழ், சமூக அறிவியல் வினாத்தாள்கள் பெரும்பாலும் ஒழுங்காக வந்தன. கணக்கில்தான் கூத்து. எக்ஸ், ஒய் எல்லாவற்றையும் அது தமிழ் எழுத்தாக மாற்றிவிட்டது, பாவம், அதற்கு எது ஆங்கிலம், எது வேஷம் போட்ட தமிழ் என்று எப்படித் தெரியும். கணக்கு டீச்சர் கொஞ்ச நேரம் திருத்திப் பார்த்துவிட்டு, சமன்பாடு உள்ள கேள்விகளைத் தாளில் அழகாக எழுதி, போட்டோ எடுத்து, ஃபார்மில் படமாகச் சேர்த்துவிட்டார். பின்னத்துக்கும் வர்க்கமூலத்துக்கும் இதைவிடச் சுலபமான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

புதுக் கேள்வி தட்டுவதில் எங்களைக் காப்பாற்றியவர் அலுவலக கிளார்க் மேடம். தமிழ் டைப்பிங் ஹையர் முடித்தவர், பழைய தட்டச்சு விரல் வேகம் அப்படியே இருக்கிறது. யூனிகோடு என்றால் தமிழ்99 விசைப்பலகையைப் புதிதாகப் படிக்க வேண்டும் என்று நினைத்து ஒதுங்கியே இருந்தார். தமிழ் தட்ட உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் அமைப்பும் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் அதே விரல்களுக்கு யூனிகோடு வரும் என்று அறிவியல் சார் கண்டுபிடித்துச் சொன்னதும், மேடம் எங்கள் எல்லாருக்கும் மேலே போய்விட்டார். தமிழ் ஐயா மட்டும் போனில் பேசித் தட்டும் முறையைப் பிடித்துக்கொண்டார். உரைநடைக்கு அது பரவாயில்லை. செய்யுள் வரியைச் சொன்னால் தனக்குத் தெரிந்த ஏதோ சொல்லாக மாற்றிப் போடும், ஐயா போனோடு சண்டை போடுவதைக் கேட்கவே சிலர் பக்கத்தில் உட்காருவோம்.

ஃபார்மின் அமைப்புகளில் சில விஷயங்களை எங்கள் பிள்ளைகளை மனதில் வைத்து முடிவு செய்தோம், இது முக்கியம். ஒருவருக்கு ஒரு முறை மட்டும் என்ற கட்டுப்பாட்டைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பல வீடுகளில் இருப்பது அப்பாவின் ஒரே போன், அதில் ஒரே கணக்கு, அண்ணன் எழுதி முடித்தால் அதே வகுப்பில் இருக்கும் சித்தப்பா மகள் எழுத முடியாது. அதனால் அதை எடுத்துவிட்டோம். கோப்பைப் பதிவேற்றும் கேள்விக்கும் அதே தொல்லை என்பதால் அதுவும் வேண்டாம். இரண்டு முறை அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும், முதலில் வந்ததை எடுத்துக்கொண்டோம். பெயரைத் தட்டச் சொன்னால் ஒரே பெயர் நாலு விதமாக வருகிறது, விடைகள் வந்து சேரும் கூகுள் ஷீட்டில் வரிசைப்படுத்தும்போது தலை சுற்றும், ஆகவே பெயர்ப் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். கோடிட்ட இடம் நிரப்புகவையும் நிறுத்திவிட்டோம், நாம் கொடுத்த விடையிலிருந்து எழுத்து மாறினால் அது தவறு என்று போட்டுவிடும், ஒற்று விட்டதற்கெல்லாம் பூஜ்யம் வாங்கிய பிள்ளையின் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? தேர்வு நேரம் ராத்திரி ஏழரைக்கு மேல், போன் வேலையிலிருந்து வீடு திரும்பிய பிறகு.

போனே இல்லாத வீடுகளும் இருந்தன. அவர்களுக்கு அதே கேள்விகளை அச்சடித்து, அரிசி வாங்கவோ புத்தகம் வாங்கவோ வரும்போது கையில் கொடுத்தோம். ஃபார்ம் வந்ததால் இந்த வேலை குறையவில்லை.

நவம்பர் 1-ஆம் தேதி எட்டாம் வகுப்பு திறந்தது. இப்போதும் பாடம் முடிந்ததும் திருப்புதலுக்கு ஃபார்ம் அனுப்புகிறோம், யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்து வையுங்கள்: எல்லாரும் அவரவர் சொந்தக் கணக்கில் ஃபார்ம் உருவாக்கியிருப்பீர்கள், யாராவது மாறுதலில் போனால் அதுவும் கூடவே போய்விடும். தமிழ் ஐயா ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம்தான் எங்களுக்கு இது உறைத்தது, அவருடையதை எல்லாம் பள்ளிக் கணக்கில் பிரதி எடுத்து, வகுப்பு, பாடம், இயல் என்று பெயரிட்டு ஒரே கோப்புறையில் போட்டுவிட்டோம்.