மதராஸ் சிப்பாய்க்கு ஆயில் பெயின்ட்

சித்திரை, வைகாசியில் வடசென்னை காலடிப்பேட்டை வீட்டில் உட்கார்ந்து, தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்டில் சின்னப் பட்டாளத்துப் பொம்மைக்கு முகம் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரஷ் நுனியிலேயே பெயின்ட் காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் வியர்வை சொட்டும், போட்டால் பெயின்ட் இறுகும். இரண்டு நிறத்தை ஒன்றோடொன்று இழைக்க நேரமே கிடைக்காது. பல வருஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு இந்தக் கோடையில்தான் முதல்முறையாக ஆயில் பெயின்டைத் தொட்டேன். நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர்த் தோலுக்கும் இதுதான் பொருத்தம் என்று இப்போது அடித்துச் சொல்வேன்.

எடுத்துக்கொண்ட பொம்மை, கொளத்தூர் நண்பர் ரெசினில் 3D பிரின்ட் எடுத்துக் கொடுத்த 75 மி.மீ. மதராஸ் சிப்பாய். 1803, ஆங்கிலேயக் கம்பெனிப் படை மராத்தியரோடு மோதிய அசாயே போர்க்காலம். அந்தப் போரில் பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லியிடம் இருந்த காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் பட்டாளங்கள்தான். சிவப்புச் சட்டை, தலைப்பாகை, தொடையோடு நிற்கிற நிஜார், செருப்பு. ஐரோப்பியச் சிப்பாய் என்றால் முகத்தையும் கையையும் முடித்தால் தோல் வேலை தீர்ந்தது. இவருக்குத் தொடையிலிருந்து பாதம் வரை வெறுங்கால். முட்டி, கெண்டைச்சதை, கணுக்கால் எலும்பு எல்லாம் தெரியும். அதனால்தான் ஆயிலுக்கு இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

அடியில் அக்ரிலிக்கே போட்டேன். பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கு மேல் நடுத்தரமான ஒரு பழுப்பு. அது நன்றாகக் காய்ந்தபின் ஆயிலுக்கான தின்னர் அதைக் கரைக்காது. ட்யூப்கள் பாரிமுனையில் வாங்கிய கேம்லின். பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), அல்ட்ராமரீன் (அடர்நீலம்), டைட்டானியம் ஒயிட், அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு). ட்யூபிலிருந்து நேராக பொம்மைக்குப் போகக் கூடாது. அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன்மேல் மிளகளவு பிதுக்கி வைத்தால், கொஞ்ச நேரத்தில் பெயின்டைச் சுற்றி எண்ணெய் வட்டம் பரவும். அட்டை எண்ணெயைக் குடித்துவிட்டால் பெயின்ட் காய்ந்தபின் பளபளக்காது. சிப்பாயின் முகம் சாமி சிலை போல மின்னினால் நன்றாகவா இருக்கும்?

தோலுக்கு வருகிறேன். கண்ணில் படுகிற செய்முறை எல்லாமே வெள்ளைத் தோலுக்கானவை. அதில் அம்பரைக் கூட்டினால் நம் நிறம் வந்துவிடாது. நிழலுக்குக் கறுப்பு வைத்தால் தோல் செத்துப்போகிறது. அம்பரில் துளி அல்ட்ராமரீன் சேர்த்தால் கண்குழியும் தாடைக்கு அடியும் ஆழமாகத் தெரிகின்றன, உயிரும் இருக்கிறது. வெளிச்சத்துக்கு வெள்ளையை நம்பினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். சியன்னாவும் ஆக்கரும் கலந்து, வெள்ளையை ஊசிமுனை அளவுக்குச் சேர்க்க வேண்டும். கன்னமேட்டில் ஒரு புள்ளி, மூக்குத்தண்டில் ஒன்று, புருவத்துக்கு மேல் ஒன்று. பிறகு ஒரு காய்ந்த பிரஷ்ஷால் ஓரங்களை மெல்லத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் பிரஷ்ஷைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டே போனால், புள்ளி கரைந்து கன்னமாகிவிடும். அவசரமே இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம், பெயின்ட் அப்படியே காத்திருக்கும். ஏனென்றால் ஆயில் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, காசிமேட்டு பெரியப்பா ஜாடையா கீறாரு?" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு வேண்டாம்.

நெற்றியில் விபூதி வைத்தேன், காதில் கடுக்கனும். இது அலங்காரத்துக்காக அல்ல. 1805-06இல்தான் மதராஸ் படையில் உத்தரவு வந்தது: சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும் அதோடு சேர்ந்து வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்ததற்கு அதுவும் காரணம். என் சிப்பாய் அதற்கு முந்தையவர், அவர் நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாது. டைட்டானியம் ஒயிட்டில் மூன்று மெல்லிய கோடு போட்டு, தின்னரில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் ஒரே ஒரு இழுப்பு. கோடு பாதி அழிந்து, விரலால் பூசி வியர்வையில் கலைந்த விபூதி ஆகிவிட்டது. அக்ரிலிக்கில் எனக்கு இது ஒருநாளும் வந்ததில்லை.

சட்டை மடிப்புகளின் நிழலுக்கு அலிசரின். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படையின் சாதாரணச் சிப்பாய் சட்டைக்கு மஞ்சிட்டி இனத்து வேரின் சாயம்தான். அந்த வேருக்குச் சிவப்பைத் தருவது இதே அலிசரின். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாகச் செய்தார்கள். நம் சோழமண்டலக் கரையின் சாயவேரிலும் இருப்பது அதுவே. நெசவாளர்களுக்காக ஆளுநர் காலெட் பெயரில் எழுந்த இந்தக் காலடிப்பேட்டையில் உட்கார்ந்து அந்த நிறத்தைத் தீட்டும்போது, ட்யூபை மூடவே மனசு வரவில்லை.

காயவைப்பதுதான் பெரிய சவால். லாரிகள் போகிற ரோட்டுப் புழுதி முழுக்க எங்கள் ஜன்னலுக்குள்தான் வரும். எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் இரண்டு பென்சிலைக் கொடுத்துக் காற்றுக்கு வழி விட்டேன். அம்பர் அதிகமுள்ள கால்கள் மறுநாளே தொடும் பதத்துக்கு வந்துவிட்டன. அம்பரில் இருக்கும் மாங்கனீஸ் காய்வதை விரைவுபடுத்தும். அலிசரின் போட்ட மடிப்புகள் இன்னும் பிசுபிசுக்கின்றன. எண்ணெய் தோய்ந்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

குறுக்குப் பட்டைகளும் துப்பாக்கிக் கட்டையும் பாக்கி. கட்டைக்கு மரரேகை இழுக்க சியன்னாவையே வைத்துக்கொள்வேன், இரும்புக்கு மட்டும் அக்ரிலிக் மெட்டாலிக். சிவப்பு முழுக்கக் காய்ந்ததும் பளபளக்காத மேட் வார்னிஷ் அடித்துப் படம் போடுகிறேன்.