“இருந்தேன்னு எழுதிக்கோங்க”

“உஷா பாடினப்போ நீங்க மேடையில இருந்தீங்களா சார்?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேசை விளிம்பில் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தன. பேட்டி தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். அப்புறம் சொன்னார்: “இருந்தேன்னு எழுதிக்கோங்க தம்பி. உங்களுக்கு அதுதானே வேணும்?”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் அதை அன்றே மறந்திருப்பேன்.

மவுண்ட் ரோடு சஃபையர் வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். அந்த வளாகத்தின் தியேட்டர்களான சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு பற்றி எழுதாதவர்கள் இல்லை. படம் இடைவிடாமல் ஓடிய புளூ டைமண்டில் எந்த நேரத்திலும் உள்ளே போய் உட்காரலாம் என்ற கதை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அடித்தளத்தில் இருந்த அந்த கிளப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கிடைப்பது ஒரே செய்திதான். 1969இல், அப்போது உஷா ஐயராக இருந்த உஷா உதுப், புடவை கட்டிக்கொண்டு அங்கே பாடினார். பாட்டு பிடித்துப்போய் ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார்கள். பிறகு அவர் கல்கத்தா போய், பார்க் ஸ்ட்ரீட்டில் பாட்டும் நடக்கும் உணவகமான டிரின்காஸில் பெயர் வாங்கினார். “அவங்களோட வாசிச்சவர் யாராவது இருந்தா பிடி” என்றார் ஆசிரியர்.

நான் பிடித்தவர் பேஸ் கிட்டார்காரர். அவர் அங்கே சேர்ந்தது உஷா கல்கத்தா போன பிறகு. இதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். அப்படியும் அதே கேள்வியை வேறு வேறு விதமாக நான்கு தடவை கேட்டிருக்கிறேன். ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டபோதுதான் அது எனக்கே தெரிந்தது. மேலே அவர் சொன்னது நான்காவது தடவைக்கான பதில்.

மற்ற நேரமெல்லாம் அவர் தன் வேலையைப் பற்றித்தான் பேசினார். 1971 வரை மெட்ராஸில் மதுவிலக்கு அமலில் இருந்தது. “பர்மிட் வெச்சிருந்தவனைத் தவிர எல்லாருக்கும் ஜூஸ்தான் தம்பி. பாட்டு சரியில்லேன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க.” அப்படி ஒரு ஊரில் இரவு கிளப் நடந்ததென்றால் முழுப் பாரமும் பேண்டின் தலையில்தான் இருந்திருக்கும். இதைத்தான் நான் கட்டுரையின் முதல் வரியாக வைத்திருக்க வேண்டும்.

ஒரு நோட்டும் காட்டினார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. இலங்கை வானொலி ஆங்கில ஒலிபரப்பில் கேட்ட பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ரெக்கார்டு வாங்கக் காசில்லை. காதில் விழாத சொல்லுக்கு ஒரு கோடு. அதே பாட்டு மறுபடி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் கோட்டின் மேல் அந்தச் சொல்லை நிரப்புவார். கோடுகள் நீலத்தில் இருந்தன, நிரப்பிய சொற்கள் சில கறுப்பிலும் சில பென்சிலிலும். நான் படம் எடுக்கவில்லை. ‘அழகா இருக்கு சார்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

கட்டுரையில் உஷா பாடிய பத்திக்கு நேர் கீழே இப்படி எழுதினேன்: ‘அந்நாட்களில் அங்கே பேஸ் கிட்டார் வாசித்தவர் நினைவுகூர்கிறார்.’ இதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று யாரும் காட்ட முடியாது. ஆனால் எந்த இடத்தில் அதை வைத்தேன் என்பது எனக்குத் தெரியும். நோட்டு கட்டுரையில் வரவே இல்லை.

பத்திரிகை வந்த வாரம் அவரே போன் செய்தார். “நல்லா வந்திருக்கு தம்பி. பேரன் படிச்சிட்டு, தாத்தா நீங்க அவங்களோட வாசிச்சிருக்கீங்களான்னு கேட்டான்.”

“என்ன சொன்னீங்க சார்?”

“ஆமான்னுட்டேன்.”

மறுபடி, குரலில் ஒன்றுமில்லை. சந்தோஷமா, என்னைக் குத்திக் காட்டினாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. டிரின்காஸ் இன்னும் அதே தெருவில் இருக்கிறது. அதே தெருவின் உணவகங்களில் மொகாம்போ என்றால் பாடகி பாம் கிரெய்ன், புளூ ஃபாக்ஸ் என்றால் பியானோக்காரர் லூயிஸ் பேங்க்ஸ் என்று கல்கத்தாக்காரர்கள் கட்டடத்தைக் காட்டிப் பெயர் சொல்வார்கள். இங்கே சஃபையரை இடித்து, அந்த மனை வெகுகாலம் சும்மா கிடந்தது. கட்டடமே இல்லாத இடத்துக்கு வாசகரைக் கூட்டிப்போக அவருக்குத் தெரிந்த ஒரு பெயராவது வேண்டும். உஷாவின் பெயர் இல்லாவிட்டால் இரண்டு பக்கம் கிடைத்திருக்காது. கிட்டார்காரருடைய இரண்டு வரியும் வந்திருக்காது.

சரி. ஆனால் அந்த இரண்டு வரியில் இருப்பது அவர்தானா? ஊருக்கெல்லாம் தெரிந்த ஒருவரைப் பற்றி இன்னொரு தடவை எழுத, யாருக்கும் தெரியாத ஒருவரின் மூன்று மணி நேரத்தைச் செலவழித்தேன். பேரன் கேட்டபோது அவர் ‘ஆமாம்’ சொன்னதற்கு என் வரிதான் இடம் கொடுத்தது. தாத்தாவைப் பெருமையாகப் பார்க்க அந்தப் பையனுக்கு அது போதும் என்று சில நாள் தோன்றும். நோட்டைக் காட்டியிருந்தாலே போதுமே என்று சில நாள் தோன்றும்.

அந்த நோட்டின் ஒரு பக்கத்தில் ஒரே பாட்டில் மூன்று கோடுகள் கடைசிவரை நிரப்பாமலே இருந்தன. அது என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை.