அண்ணாவின் கோதுகளும் என் வேர்னியரும்

போன வருடம் குளிர்காலத்தில் கனடாவில், கல்கரியில் அண்ணா வீட்டில் மூன்று மாதம் நின்றேன். ஆளுக்கொரு பைத்தியம்; அண்ணாவுக்கு இலக்குச் சுடுதல். சனிக்கிழமைகளில் 300 மீற்றரில் கடதாசியைச் சுட்டுவிட்டு, சுட்ட ரவைகளின் வெறும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, நிலவறையில் குந்தி, மருந்தும் சன்னமும் வைத்துத் திரும்ப நிரப்புவார். உரிமம் உள்ளவர் தன் சொந்தப் பாவனைக்குச் செய்ய அங்கே தடையில்லை.

"நீ லேத்துக்காரன்தானே, அளந்து தா" என்று ஐம்பது கோதை மேசையில் கொட்டினார். கொஞ்ச நேரம் கை போகவில்லை. வன்னியில், பரந்தனில் எங்கள் வளவைக் கொத்தினால் இன்றைக்கும் இதுதான் வரும். போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் சின்னப் பெடியள் பித்தளை விலைக்கு இவற்றைச் சாக்கில் பொறுக்கித் திரிந்தார்கள். அதைக் கதைக்கப் போனால் வேறு பதிவாகிவிடும்.

சரி, அளவு. அவருடையது 308 வின்செஸ்டர் என்கிற ரவை வகை. கோதின் நீளம் 51.18 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 50.93க்கு வெட்டுவார்கள். சுட்டுச் சுட்டுத் திரும்ப அச்சில் அமுக்க, பித்தளை முன்னுக்கு இழுபட்டு நீளும். மிஞ்சி நீண்டால் கோதின் வாய், துப்பாக்கியில் ரவை இருக்கும் அறையின் முனையில் முட்டிச் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும், அமுக்கம் எகிறும். அண்ணாவின் கொப்பியில் 50.96, 51.03, 51.07 என்று எண்கள் தாறுமாறாக ஓடின. மலிவுக் கோது என்று குறை சொன்னார்.

ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதையே பத்துத் தரம் அளந்து பாருங்கோ" என்றேன். 0.05 வித்தியாசம் வந்தது. ஒரே கோது! பெருவிரலால் நெரிக்கிறார், வேர்னியர் என்கிற அளவுகருவியின் தாடைக்கிடையில் சரித்துப் பிடிக்கிறார், கோதின் வாயில் வெட்டிய பிசிர் அப்படியே இருக்கிறது. பிசிரை எடுக்கவும், கோதை மெல்ல அசைத்து வருகிற ஆகச் சின்ன எண்ணைக் குறிக்கவும் பழக்கினேன். சரித்தால் எண் கூடும், குறையாது. பிறகு 0.02க்குள் அடங்கியது. ஐம்பதையும் திரும்ப அளந்தோம். கோதின் குறையில் பாதி அண்ணாவின் விரலில் இருந்தது.

சண்டை வந்தது நிறையில். அவர் கோதுகளை நிறுத்துப் பிரிப்பார், கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் 0.0648 கிராம். ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது உள்ளே எவ்வளவு இடம் என்பது. பித்தளை தண்ணீரைவிட ஏறத்தாழ எட்டரை மடங்கு அடர்த்தி. வெளி அளவு ஒன்றாக இருந்தால், கோது எட்டரை கிரெயின் பாரம் கூடினால்தான் உள்ளே ஒரு கிரெயின் தண்ணீருக்கான இடம் குறையும். அடியைச் சுற்றி வெட்டிய பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைந்தாலும் பாரம் கூடும். உள்ளிடம் மாறவே மாறாது. "தண்ணீர் விட்டு நிறுங்கோ" என்றேன். "ஐம்பதையுமா?" என்று முறைத்தார்.

கோது வாய்ப்பக்கம் ஒடுங்குகிற சரிவைத் தோள் என்பார்கள்; அதன் உயரத்துக்கு வேறு கருவி வேண்டும். அடியிலிருந்து, தோளில் விட்டம் 10.16 மில்லிமீற்றர் வருகிற இடம் வரை அளக்க வேண்டும். அந்த அளவுத் துளையுள்ள வளையத்தைத் தோளில் மாட்டி வேர்னியர் பிடிப்பார்கள். கடையில் வாங்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், கடைந்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாதிரிக்கு ஒரு கோது கொண்டு வந்திருக்கலாம்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வன்னிக்காரன் பைக்குள் ரவைக் கோது. மிச்சக் கதையை நீங்களே யோசியுங்கள். ஆகவே எண்ணை மட்டும் நம்பி, உழவு இயந்திரப் புஷ் கடைந்த மிச்சத் துண்டில் செய்தேன். துளை 10.17 வந்தது. பரவாயில்லை, எல்லாவற்றையும் ஒரே வளையத்தால் அளந்தால் வித்தியாசம் சரியாகத் தெரியும். சித்தியின் மகள் கனடா போகும்போது கொடுத்துவிட்டேன். பார்ப்பவருக்கு அது வெறும் வளையம்.

போன கிழமை அண்ணா தொலைபேசி எடுத்தார். "வளையம் தோளிலை கோடு போடுது. விளிம்பை உடைக்கேல்லையாடா?"

உடைக்கவில்லை, அதாவது துளையின் கூர் விளிம்பை மழுக்கவில்லை. வேலை பழக வருகிற பெடியனுக்கு முதல் கிழமையே நான் சொல்லிக் கொடுக்கிற விசயம் அது. அண்ணா இப்போது அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறாராம்.